சுவர் தாண்டிய ஒயர்

முதலில் வம்புக்கு வந்தது என் சகலைதான். மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, என் கரண்ட் சிக்கனத்தைக் குத்தி, "இவர் நிலாவைக்கூட அணைச்சுட்டுத்தான் படுப்பார்" என்றார். மாமியார் முதல் கைக்குழந்தை வரை சிரித்தார்கள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர். அக்காவும் தங்கையும் அதன் மேலே கிண்ணம் மாற்றிக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் எதிரே வந்தால் வானத்தில் எதையோ தேடுவோம்.

அன்று பின்பக்கச் சுவருக்கு வெள்ளையடிக்க ஏணி வைத்தேன். என் மெயின் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, சுவர் ஏறி, சகலை வீட்டுக்குள் போயிருந்தது.

மோட்டாருக்குக் காயில் கட்டுவதே தொழிலான சகலைக்கு ஒயர் இழுக்கச் சொல்லித்தரவா வேண்டும்? என் மீட்டரில் அவர் வீட்டு மிக்ஸி ஓடுகிறது.

மின்சார ஆபீசில் புகார் கொடுக்கப் போகிறேன், அவர் வீட்டு லைனை வெட்டிவிடுவார்கள் என்றேன். என் மனைவி முகம் வெளுத்துவிட்டது. புகார் போனால் தானும் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். போய் இருட்டில் அக்காவோடு உட்கார்ந்துகொள் என்றேன்.

ஆனாலும் சாட்சி வேண்டுமே. கையோடு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன்.

அவர் மெயினை அணைத்தார். என் வீட்டு மின்விசிறி நின்றது. அந்தப் பக்கம் மிக்ஸி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க கரண்ட்ல அவங்க வீடு ஓடலை ஐயா."

பிறகு அந்தக் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டு மெயினைப் போட்டார். ஒரு விளக்கும் எரியவில்லை. டெஸ்டரை வைத்தால் மட்டும் அது எரிந்தது. கரண்ட் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. எனக்குத் தலை சுற்றியது.

"கரண்ட் வந்தா மட்டும் போதாது ஐயா. ஒரு கம்பில வந்து, விளக்கு வழியாப் போய், இன்னொரு கம்பில திரும்பணும். சுத்து முழுசானாத்தான் எரியும். உங்களோட திரும்புற கம்பி கம்பத்துகிட்ட அறுந்து தொங்குது. இவ்வளவு நாளா அவங்க கம்பி வழியாத்தான் திரும்பிட்டிருக்கு."

அறுந்தது போன புயலில்தான் இருக்க வேண்டும். அன்று தெரு முழுக்க வெளிச்சம் வந்தும் என் வீடு மட்டும் இருண்டு கிடந்தது. ஆபீசுக்குப் போன் போட்டு ஒரு சத்தம் போட்டேன். சாயங்காலமே விளக்கு எரிந்தது. பேசுகிற விதத்தில் பேசினால் வேலை நடக்கும் என்று முடிவெட்டும் கடையில்கூட அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆபீஸ்லேர்ந்து யாரும் வரலைங்க. அன்னிக்கு மத்தியானம் நீங்க தூங்கினப்போ அத்தான்தான் ஏறி இந்த ஒயரைப் போட்டார். சொன்னா பிடுங்கி எறிஞ்சுடுவீங்க, சொல்லாதேன்னுட்டார்."

அறுந்த கம்பியை ஆபீஸ்காரர்கள் வந்து கட்டும்வரை இந்த ஒயரை மாட்டட்டுமா, வேண்டாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். வியர்வை கழுத்தில் வழிந்தது.

"மாட்டுங்க" என்றேன்.

விசிறி சுற்றியது. காற்று நன்றாகத்தான் இருந்தது. சுவரோரம் அக்காவும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பழைய கணக்கே இன்னும் தீரவில்லை. இப்போது இது வேறு சேர்ந்துவிட்டது. அன்று கடையில் நான் என் போன் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் முகம் நிறைய சோப்போடு வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாரே அந்த மனுஷன், அதற்கு அவர் எனக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.