காணாமல் போன சிங்கம்

செல்வம் பெருகட்டும் என்று உப்பு ஜாடிக்குள் போட்டுவைத்த ஐந்து ரூபாய் நாணயத்தை ஆறு வருடம் கழித்து வெளியே எடுத்தார்கள். அதில் பொறித்திருந்த மூன்று சிங்கங்களில் ஒன்றைக் காணோம்.

"நாணயச்சாலையிலேயே ஒரு சிங்கம் விட்டுப்போய்ப் பிறந்தவன் நான். அச்சுப்பிழை நாணயத்துக்குத்தான் கிராக்கி, லட்சம் பெறுவேன்!" என்று பீற்றிக்கொண்டது நாணயம்.

சோதிக்கக் கொண்டுவந்த பூதக்கண்ணாடி உற்றுப் பார்த்தது. "அச்சு விழாத இடம் வழவழவென்று இருக்கும். உனக்கு அங்கே குழி குழியாக இருக்கிறதே. இது அரிப்பு."

"உன் பார்வையில் கோளாறு!"

ஜாடிக்குள்ளிருந்து உப்பு சிரித்தது. "அடேய், அந்தச் சிங்கத்தைத் தின்றதே நான்தான்."

நாணயம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜாடிப் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தியது.

"அப்படியானால் மிச்சம் இரண்டையும் தின்றுவிடேன். விலை ஏறும்."