இந்த வருஷமே

கரும்பின் முன்முனை அப்பாதுரை சாரின் தோளில் இருந்தது, பின்முனை சந்திரகலாவின் தோளில். நடுவில் அவளுடைய கல்யாணச் சேலையில் கட்டிய தொட்டிலுக்குள் கீர்த்தனா தூங்கிக்கொண்டு போனாள்.

ஒன்றரை வயசுப் பெண். மற்ற தொட்டில்களில் எல்லாம் மூன்று மாதம், ஐந்து மாதம். இவளுக்கு மட்டும் இரண்டு காலும் கொலுசோடு வெளியே தொங்கின.

“நடக்கிற பொண்ணைத் தூக்கினு போறியேம்மா” என்று பலூன்காரர் ஒருவர் கேலி செய்தார். சந்திரகலா சிரித்து வைத்தாள்.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். பெரிய தேர் தேரடியை விட்டு நகர்ந்திருந்தது. பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் கரும்பில் தொட்டில் கட்டி, புருஷன் முன்னால் பெண்டாட்டி பின்னாலாக மாடவீதி சுற்றி வருவது திருவண்ணாமலை வழக்கம்.

சந்திரகலாவுக்கு முன்னால் போனவர் புருஷன் இல்லை. பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்கிற மனுஷர்.

புருஷன் தருமன், அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தபோதே போய்விட்டான். மருந்து தாம்பரம் வரைக்கும் வந்திருந்தது, இலவசமாகவே கொடுத்தார்கள். தருமன்தான் தாம்பரம் வரைக்கும் போகவில்லை. பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று, வீட்டிலேயே கிடந்து தீர்ந்தான்.

அவளுக்கும் அது இருந்தது. பிரசவ வலியில் அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், பிறந்ததும் குழந்தைக்குக் கொஞ்சம் சொட்டு மருந்து. ஒன்றரை வயசில் ரத்தம் பார்த்தால்தான் குழந்தைக்கு உண்டா இல்லையா என்று உறுதியாகத் தெரியும் என்றார்கள். போன வாரம் எடுத்தாயிற்று. தீபம் கழிந்து வா, முடிவு சொல்கிறோம் என்று அனுப்பியிருந்தார்கள்.

இன்றைக்குக் காலையில் கீழ்பென்னாத்தூரில் அவள் வாசலில் அப்பாதுரை சார் வந்து நின்றார், தோளில் கரும்போடு.

“தொட்டில் எடுத்துடலாம்மா. இந்த வருஷமே எடுத்துடலாம்.”

இந்த வருஷமே என்றால் என்ன? அடுத்த வருஷம் என்ன ஆகும்?

சோதனை அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் ஒரு பேச்சு உண்டு. அப்பாதுரை சார் சிடுசிடுத்தால் பிழைத்தோம், அன்பாகப் பேசினால் சங்குதான் என்பார்கள். போன வருஷம் ஆராயியின் பையனுக்கு அவர் பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்தார். பொங்கலுக்கு அந்தப் பையன் இல்லை.

ஆனாலும் வாசல் வரைக்கும் வந்த கரும்பை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தருமனின் அண்ணன் வீட்டில் அவள் தொட்ட சொம்பையே தொடமாட்டார்கள், தோள் கொடுக்க யார் வரப்போகிறார்கள்? இவராவது வந்தாரே. குழந்தை அடுத்த திருவிழா பார்க்காது என்று தெரிந்த மனுஷர் வேறு என்னதான் செய்வார் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை, தெருதான் நடந்தது. தேர்வடமும் வேட்டிகளும் பலூன்களும் இரண்டு பக்கமும் மெல்ல மிதந்து பின்னால் போயின. தேர்ச் சக்கரம் உருளுகிற சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது.

தூறல் விழுந்தது, அவள் மேல் படவில்லை. மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. தொட்டில் ஆடும்போது மலையும் கூட ஆடியது.

கரும்புக்குக் கனமே இல்லை. கீர்த்தனாவின் பாதங்கள் காற்றில் நடந்துகொண்டிருந்தன. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும், தீபமும் வரவேண்டாம், அந்த அறையும் வரவேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

அப்பாதுரை சாரின் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். ஈரச் சட்டை ஒட்டிக்கிடந்த அந்த முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்துக்கு எதிரே கூட்டம் நெரித்து, தொட்டில் நின்றது. நின்றதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அண்ணாமலையாரை ஏமாற்றுகிறோம் என்று தோன்றியது. பிள்ளை பிறந்தால் தொட்டில் எடுப்பது ஊர் வழக்கம், இந்த மனுஷருக்கு அதுதான் தெரியும். அவள் வேண்டிக்கொண்டது அது இல்லை. என் பிள்ளைக்கு இந்த வியாதி இல்லை என்று வந்தால் தொட்டில் எடுக்கிறேன் என்றுதான் வேண்டியிருந்தாள். பலிக்காத வேண்டுதலுக்குத் தொட்டில் எடுத்தால் சாமி பொறுக்குமா?

“சார், என் வேண்டுதல் வேற சார். அது பலிச்சாதான் எடுக்கணும். எறக்கிடலாம் சார்.”

அவர் திரும்பவில்லை. கரும்பைத் தோளில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“தெரியும்மா. பாப்பா கைல ஊசி குத்தறப்ப நீங்க வாய்விட்டுத்தானே வேண்டிக்கினீங்க, நான் பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன். பலிக்கலன்னா கரும்பு வாங்கினு வருவனா?”

கூட்டம் விலகியது. அவர் நடந்தார், கரும்பு இழுத்த இழுப்பில் அவளும் நடந்தாள்.

கரும்பு கனத்தது. தோள் வலித்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கீர்த்தனா விழித்துக்கொண்டு, கீழே விடச் சொல்லி உதைத்தாள்.

சந்திரகலா வாய்விட்டு அழுதுகொண்டே போனாள். தொட்டில் எடுக்கிற அன்றைக்கு அழுகிற அம்மாக்களை மாடவீதியில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.