இருபத்தேழாவது பிழை

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் படித்துக்காட்டும் இலவச மென்பொருளை எழுதுவதற்காக மகன் வேலையை விட்டான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை.

“யாரோ ஒரு புண்ணியவான்மா. புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனா தினமும் ஓட்டிப் பாத்து, எங்கெங்க தப்புன்னு எழுதி அனுப்புறாரு. இன்னைக்கு இருபத்தேழாவது.”

“சம்பளம் குடுக்குறியா?” அம்மா தட்டுகளை எடுத்து வைத்தாள்.

“ஒரு பைசா கிடையாது. இந்த மாதிரி ஆளுங்களாலதான் இது ஓடுது. அப்பாவுக்குத்தான் இதெல்லாம் வெட்டி வேலை.”

அம்மா டம்ளர்களில் தண்ணீர் ஊற்றினாள்.

“இன்னைக்குப் படம் வேற. ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாம, கம்ப்யூட்டரையே போன்ல போட்டோ புடிச்சிருக்காரு, பாவம்!”

சிரித்தபடியே படத்தைப் பெரிதாக்கினான். சிரிப்பு நின்றது.

திரையின் கறுப்பில், போனைப் பிடித்திருந்தவரின் பிம்பம் மங்கலாகத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் சுவரில், இவன் பட்டம் வாங்கிய போட்டோ.

பதிலைத் தட்டினான். ‘பிழை என்னுடையதுதான். சரிசெய்துவிடுகிறேன். சாப்பிட வாங்கப்பா.’

சாத்தியிருந்த பக்கத்து அறைக்குள் செல்போன் ‘டிங்’ என்றது.