மொட்டை மாடி மேளம்

“இன்னா மாமா, அதுக்குள்ள நின்னுட்ட? தொப்பை அப்படியே கீது. ஆடு.”

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து சங்கமித்ரா கைதட்டினாள். மொட்டை மாடியின் நடுவில் பாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவள் கைப்பேசியில் மேளம் ஓடிக்கொண்டே இருந்தது.

சாத்தாங்காடு இரும்புக் கடையில் அவனுக்கு பில் போடும் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். முப்பது வயது முடிவதற்குள் சர்க்கரை வந்துவிட்டது.

அவன் அப்பாவுக்கும் அதே சர்க்கரைதான். முதலில் ஒரு கால் போனது, பிறகு ஆளே போனார். ‘எனக்கும் அதுதான் கதி. இவளைத் தனியா விட்டுட்டுப் போகப்போறேன்’ என்று பாரி முடிவே கட்டியிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் வயிற்று வலி என்று சங்கமித்ரா தன் அக்கா மலிகாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள்.

“எனக்கு வெறும் புண்ணுதானாம், மாத்திரை குடுத்துக்கிறாங்கோ. நீதான் ஒடம்ப ஏத்தி வெச்சிக்கிற. நாளையிலேர்ந்து ஆடு,” என்றாள்.

“ஆடறதா? வாக்கிங் போறேன்டி.”

“இந்த லாரிப் புகையிலயா? ரெண்டு நாள் நடந்துட்டு மூணாம் நாள் போத்திகினு தூங்குவ. ஆட்டம்னா நீயே வுட மாட்ட.”

அவள் சொன்னதுதான் நடந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கடையில் பில் போடும்போதே மேசைக்கு அடியில் அவன் கால்கள் தாளம் போட ஆரம்பித்தன.

கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த கீழ்வீட்டு ரமாபாய் நின்று பார்த்தாள்.

“இன்னாடி மித்ரா, நம்ம தெருவுல உன்னைய அடிச்சிக்க ஆள் கிடையாது. நீ குந்திகினு புருஷனை ஆட வுட்டு வேடிக்க பாக்குற?”

“இடுப்பு புடிச்சிக்கிச்சுக்கா. மாமன் ஆடுனா நான் ஆடுன மாதிரிதான்.”

“கரடி மாதிரி ஆடறான். ஆனா சோக்காத்தான் கீது.” ரமாபாய் சிரித்துக்கொண்டே துணி மூட்டையோடு இறங்கிப் போனாள்.

பாரி துண்டால் முகத்தைத் துடைத்தான். “மேளம் பேஜாரா கீதுடி. நல்ல சினிமாப் பாட்டா ஒண்ணு போடேன்.”

“பாட்டு வோணாம், மேளம் போதும். நின்ன எடத்துலயே குதிக்காத மாமா. முன்னால நவுந்துகினே ஆடு. வேகம் வோணாம், கடைசி வரைக்கும் தாங்கணும்.”

அவன் தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு வரை ஆடிக்கொண்டே போனான். திரும்பி வந்தான், மறுபடியும் போனான். துறைமுகத்துப் பக்கம் கிரேன்களின் மேல் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. எண்ணூர்ப் பக்கத்துப் புகை வழக்கம்போல வானத்தில் அசையாமல் கிடந்தது.

மேளம் முடிந்தபோதும் அவன் நின்றுகொண்டிருந்தான். முன்னைப் போல மூச்சு வாங்கவில்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை.

“பாத்தியா! ஒக்காரவே இல்ல!” ஓடி வந்து அவள் எதிரில் குந்தினான். “உன்கிட்ட ஒண்ணு சொல்லல. நேத்து ரத்தம் குடுத்துப் பாத்தேன். சர்க்கரை நல்லா எறங்கிகீது.”

“நெசமாவா?”

“சத்தியமா. எங்கப்பா மாதிரி போயிடுவேன்னு தினம் பயந்துகினு கெடந்தேன்டி. இனிமே உன்னத் தனியா வுட்டுட்டுப் போவ மாட்டேன்.”

சங்கமித்ரா அவன் நெற்றியில் வழிந்த வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“எந்தக் கல்யாணத்துல என்னை எறக்கி வுடப் போற, சொல்லு. ஊர்வலம் முழுக்க ஆடறேன்,” என்று சிரித்தான் பாரி.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைத் தூக்கினு போற அன்னிக்கு, நீ பின்னால அழுதுகினு வராத மாமா, முன்னால ஆடிகினு வா.”