விளக்கம் கிடையாது

கணினித் திரையில் கோட்டு போட்ட பெரியவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் அவர் கண்ணசைவுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். தேநீரை வாயருகே நீட்டினாள், உதட்டோரம் வழிந்ததைத் துடைத்தும் விட்டாள்.

“முதலாளின்னா இப்படி இருக்கணும்,” என்று ஜப்பானிய மொழி வாத்தியார், நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்த நர்ஸின் காதில் முணுமுணுத்தார். வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி. “அக்கா, காரணம் கேட்டா கடைசியில ‘ன்தெஸ்’ போட மறந்துடாதீங்க. நம்ம ‘அதான்’ மாதிரி. ‘பஸ் வரல’ன்னா வெறும் தகவல். ‘பஸ் வரல, அதாங்க’ன்னா விளக்கம். கேக்கிறவங்க மனசு இளகும்.”

ஜப்பானில் முதியோர் இல்லத்து வேலை இது. இதுவும் கைநழுவினால் உள்ளூரில் எந்த ஆஸ்பத்திரியும் நர்ஸை வாசற்படி ஏற விடாது. பழைய இடத்தில் அவள் வாங்கிய பெயர் அப்படி.

பெரியவர் ஜப்பானிய மொழியில் கேட்டார். “பழைய வேலையை ஏன் விட்டீங்க?”

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதான். இதுதான் வாத்தியார் நெட்டுருப் போட வைத்திருந்த பதில்.

“நான் விடல. அனுப்பிட்டாங்க,” என்றாள் நர்ஸ். அவளும் ஜப்பானிய மொழியில்தான் சொன்னாள், ஆனால் ‘ன்தெஸ்’ மட்டும் இல்லை.

வாத்தியாருக்கு வியர்த்தது. பெரியவர் விடுவதாக இல்லை. “ஏன் அனுப்பினாங்க?”

“ஒரு டாக்டர் நோயாளியைக் கண்டபடி திட்டினாரு. வார்டை விட்டு வெளிய போங்கன்னு சொன்னேன்.” இதிலும் இல்லை.

வாத்தியார் பாய்ந்து மைக்கை அணைத்தார். “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ‘ன்தெஸ்’ போடுங்க. மொட்டையா பேசினா திமிருன்னு நினைப்பாங்க.”

“நினைக்கட்டும் தம்பி. விசாரணையில வாய் வலிக்க விளக்கினேன். விளக்க விளக்க நான்தான் தப்பு பண்ணின மாதிரி ஆயிடுச்சு. செஞ்சதைச் சொல்வேன். விளக்கம் கிடையாது.”

அவளே மைக்கைப் போட்டாள்.

“எங்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?” என்றார் பெரியவர்.

“ஆமா.”

வேலை போயே போச்சு என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

“இங்க நாள் முழுக்க ஆளாளுக்கு எனக்கு விளக்கம்தான் சொல்றாங்க. காது புளிச்சுப்போச்சு,” என்றார் கடைசியில். “இவங்க வரட்டும்.”

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தலையைத் தாழ்த்தி வணங்கினாள். “ரொம்ப நன்றி, முதலாளி.”

பெரியவரின் பக்கத்தில் நின்ற பெண் முதன்முறையாகச் சிரித்தாள்.

“முதலாளி நான். நீங்க குளிப்பாட்டி விடப்போறது இவரை.”