மௌனம் பூண்டார்

மடத்தைத் திட்டிக் கடைசிப் பாட்டைப் பாடிய அடிகள், அன்றோடு மௌனம் பூண்டார் என்றுதான் எல்லா வரலாறுகளும் சொல்லின. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. புதிதாக ஒன்றை எழுதப் புறப்பட்ட நப்பின்னை, அந்த ஒரு வரிக்கு ஆதாரம் தேடி, மடத்துக் குருபூசையில் முதல் மரியாதை வாங்கும் வைரவன் வீட்டுக்குப் போனாள்.

"பூண்டாரா? நல்லா எழுதுனானுவ! பூட்டுனது எங்க பூட்டன்" என்றார் வைரவன், பெருமையாக. "நெஞ்சு மேல ஏறி உக்காந்து, தாடையப் பொளந்து, நாக்கை இழுத்து..."

பூசையறையிலிருந்து சந்தனம் பூசிய பாக்குவெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். வருஷாவருஷம் சாணை பிடிப்பார்களாம். தொட்டதுமே அவள் விரலில் ரத்தம் கசிந்தது.

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்து எழுந்தாள்.

"அப்படி என்னதான் பாடுனாருன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா தாயி?"

"தெரியும். பழைய ஓலையில பாத்தேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

வைரவன் வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டார். பாக்குவெட்டியை எடுத்து, அதன் வாயை மெல்ல விரித்துப் பிடித்தபடி அவள் எதிரே சம்மணமிட்டார்.

"பாடுங்க, கேப்போம்."