மேல் மாடி ஜன்னல்

"ஏனுங்க, இடது பக்கமாப் பாத்து உக்காருங்க. ஊடு அந்தப் பக்கந்தான் வரும்."

வெள்ளையம்மாள் புருஷனை முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக மாடிப்படியில் ஏற்றினாள். ரயிலுக்குள்ளேயே மாடிப்படி. ஈரோட்டுக்கும் கோவைக்கும் இடையே இந்த இரட்டை மாடிக் கரண்ட் ரயிலை விட்டதிலிருந்து கீழ்த்தட்டைச் சீந்த ஆளில்லை. எல்லோருக்கும் மேல் மாடிதான் வேண்டும். கிட்டுசாமி கஞ்சி போட்ட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். தலை தட்டுமோ என்று பயந்து குனிந்தே நடந்து போய் உட்கார்ந்தார்.

அவர்கள் சும்மா ஊர் சுற்ற வரவில்லை. கல்யாண விஷயம். நித்தீஷுக்கும் யாழினிக்கும் ஜாதகம் அமோகமாகப் பொருந்திவிட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க நாளைக்கு என்று நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் தனபால் வந்து இவர்கள் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

"வாசப் பக்கம் எல்லாம் சரீங்க. ஆனா மாடி ரயில்ல ஏறுனா பொறவாசல் பளிச்சுன்னு தெரியுதுங்க. எதுக்கும் ஒருக்காப் போயிப் பாத்துருங்க."

மூன்று வருஷமாக அலைந்து இப்போதுதான் ஒரு நல்ல இடம் குதிர்ந்திருக்கிறது. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்ற பயத்தில் வெள்ளையம்மாளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

எதிர் இருக்கையில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். பெயர் சந்தனம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். தெற்கத்திக்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"புதுசா வர்றீகளாண்ணே? நான் தெனமும் மொத வண்டிக்குப் போற ஆளு. இன்னைக்குத் தூங்கிப்புட்டேன்."

"ஒரு ஊட்டைப் பாக்கோணுமுங்க," என்றார் கிட்டுசாமி. "தண்டவாளத்த ஒட்டி, கம்பெனியும் ஊடும் சேந்தாப்ல இருக்குமுங்களே."

"சம்பந்தம் பேசுறீகளாக்கும்?"

"ஆமாங்க தம்பி," என்றாள் வெள்ளையம்மாள்.

"அப்பச் சரியான எடத்துலதான் உக்காந்திருக்கீக. எம்புட்டு ஒசரத்துக்குச் சொவரு வச்சாலும் இங்கிட்டு இருந்து எட்டிப் பாத்துறலாம்."

சிக்னலுக்காக ரயில் சத்தமில்லாமல் மெதுவானது. வந்தது வீடு.

ரோட்டிலிருந்து பார்த்தால் அது மந்திரி வீடு மாதிரி இருக்கும். கிரானைட் தூண் என்ன, கேட்டில் பித்தளை எழுத்து என்ன. தண்டவாளப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே சுவர். பழைய ரயிலில் போனவர்கள் சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். மேல் மாடிக்கு அந்தச் சுவரெல்லாம் எம்மாத்திரம்?

வீட்டின் முதுகு முழுக்கப் பூசாத செங்கல். கட்டிங் வேஸ்ட் துணி மலையாகக் குவிந்து கிடக்க, அதன் உச்சியில் ஒரு நாய் சொகுசாகப் படுத்திருந்தது. துருப்பிடித்த தையல் மெஷின்கள், கால் போன கட்டில், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. கொடியில் வரிசையாக ஓட்டை பனியன்கள். ஊருக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற வீட்டில் ஓட்டை பனியன்.

வெள்ளையம்மாளுக்கு அவமானமாக இருந்தது. "கருமம், முன்னால கிரானைட்டு, பின்னால குப்பக்காடு. இந்த ஊட்டுக்கு ஆராச்சும் பொண்ணக் குடுப்பாங்களா?"

"மெதுவாப் பேசு புள்ளே," என்றார் கிட்டுசாமி. ஏசி பெட்டியிலும் அவருக்கு வியர்த்தது. "கம்பெனி நடக்கற எடம்னா நாலு சாமான் அப்படி இப்படித்தான் கெடக்கும்."

"கெடக்கும் கெடக்கும். ஒதுங்க வைக்கறதுக்கு என்ன கேடு?"

சந்தனத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதுக்கே இப்புடிச் சொல்றீகளே அக்கா. மொத வண்டியில வந்திருக்கணும் நீங்க."

"அதுல என்னங்க தம்பி?"

"அந்தத் தொட்டிகிட்ட வீட்டுக்காரரு குளிப்பாரு. ஒரு பட்டாபட்டி டவுசரு, இம்புட்டுப் பெரிய தொப்பை, மூஞ்சி பூராம் சோப்பு நொரை. அந்தக் காட்சிக்காகவே இடது பக்க சீட்டுக்கு அடிபிடி. நாங்க வெளையாட்டுக்குக் கை காட்டுவோம். யாரோ சொந்தக்காரவுகன்னு நெனச்சு அவரும் நொரையோட கைய ஆட்டுவாரு பாருங்க, வண்டியே குலுங்கிப் போகும்."

சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சந்தனம். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. கிட்டுசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர் திரும்பவே இல்லை.

திருப்பூர் வந்தது. "வேற நல்ல எடமாப் பாருங்கண்ணே," என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுச் சந்தனம் படியிறங்கிப் போனார்.

பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் வைக்காததுமாக வெள்ளையம்மாள் செல்போனை எடுத்தாள்.

"கண்ணு நித்தீசு, அம்மா பேசறேன். ஆளுங்களக் கூப்புட்டுப் பொறவாசலப் பூராத் தொடச்சு உடு. பொண்ணூட்டுக்காரங்க நாளைக்கு மொத வண்டியிலதான் வாராங்களாம். அப்பறம் இன்னொண்ணு கண்ணு. காத்தால எந்திரிச்சதும் உங்கப்பாவை பாத்ரூமுக்குள்ள தள்ளி வெளிய தாழ்ப்பாளப் போட்டுரு, ரயிலு தாண்டற வரைக்கும் தெறக்காத."